செட்டப் போடும்போது கேட்கும் கேள்விகளை எப்படிக் குறைப்பது? பட்டறைக் கணக்கு மென்பொருளுக்கு யோசனை வேண்டும்

கொலுசுக் கணக்கு (செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து வெள்ளிப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதி விற்கிறோம். கட்டி வெள்ளி எவ்வளவு கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பியது, டச் (வெள்ளியின் தூய்மை) என்ன, கூலி என்ன, சேதாரம் என்ன, அதற்குப் பில். இவ்வளவுதான் வேலை. மென்பொருளைப் பற்றிப் பெரிய குறை வருவதில்லை. அதைக் கணினியில் ஏற்றுவதற்குள் ஆட்கள் படும் பாட்டைத்தான் போன வாரம் நேரில் உட்கார்ந்து பார்த்தேன்.

சிவதாபுரத்தில் ஒரு பட்டறை. எப்போதும் நாங்களே போய் இன்ஸ்டால் செய்து கொடுத்துவிடுவோம். அன்றைக்கு, "நீங்களே போடுங்கள் அண்ணா, நான் பக்கத்தில் சும்மா இருக்கிறேன்" என்று சொன்னேன். அவர் தினமும் கணினியில் பில் போடுகிறவர்தான். ஆனாலும் நாற்பது நிமிடம் ஆனது.

முதல் பக்கம் வரவேற்பு. அடுத்தது உரிம ஒப்பந்தம். அப்புறம் எந்த ஃபோல்டர், எந்தெந்தப் பகுதிகள் (டேட்டா இருக்கும் சர்வர், அதைப் பயன்படுத்தும் கிளையன்ட், இரண்டும்), ஸ்டார்ட் மெனுவில் என்ன பெயர், தராசுக்கு காம் போர்ட் (தராசு கணினியோடு சேரும் இணைப்பு) எண் என்ன, பாட் ரேட் (அதில் தகவல் போகும் வேகம்) என்ன, டெஸ்க்டாப்பில் ஐகான் வேண்டுமா, எல்லாம் சரியா, கடைசியில் நன்றி. ஃபோல்டர் பக்கத்தில் நிறுத்தி, "இது சரியா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சர்வர் கிளையன்ட் பக்கத்தில் எல்லாவற்றிலும் டிக் போட்டார். எதையாவது விட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம். காம் போர்ட் பக்கத்தில் திரும்பிப் பின்னால் இருந்த தராசைப் பார்த்தார். எழுந்து போய் அதன் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதில் அந்த எண் எங்கே இருக்கும்?

கிளம்பும்போது அவர் சொன்னது: "தராசு என்ன கம்பெனி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் தம்பி."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்ஸ்டாலர் செய்ய இன்னோ செட்டப் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். பத்துப் பக்கம் இருக்கிறது. எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

லைன்மேடு சர்வீஸ்

தம்பி, நீங்கள் நேரில் உட்கார்ந்து பார்த்ததே பெரிய விஷயம். நான் பதினெட்டு வருடமாகக் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் வேலையில் நிறைய, "செட்டப் போட்டேன், என்னமோ கேட்டது, என்னமோ அமுக்கினேன்" என்பதுதான்.

பழைய கதை ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய கண்ட்ரோல் பேனலில் ஒரு டிக் போட வேண்டும். அந்த டிக்குக்குப் பக்கத்தில், சிக்கலான எழுத்துவடிவ மொழிகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் கோப்புகளை நிறுவு, தாய்லாந்து மொழியும் சேர்த்து, என்று ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் என்ற சொல்லே அங்கு கிடையாது. தமிழ் வேண்டும் என்று தேடுகிறவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? டிக் போட்டாலும் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இருக்காது. இந்த ஒரே வேலைக்காக அந்தக் காலத்தில் அந்த சிடியில் இருக்கும் ஐ386 என்ற ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பையோ அழகியோ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாளே எழுத்து உடைந்து தெரிகிறது என்று போன் வரும். அந்தக் கேள்வியை எழுதியவருக்கு உள்ளே நடப்பது தெரியும். வெளியே உட்கார்ந்திருப்பவர் எதைத் தேடி வருகிறார் என்பது தெரியவில்லை. உங்கள் காம் போர்ட் கேள்வியும் அதே மாதிரிதான்.

இன்னொன்று. ஆட்கள் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்குவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. படித்தும் பலன் இல்லை என்று பத்து மென்பொருளில் கற்றுக்கொண்டார்கள். அப்படி அமுக்கியதால் பிரவுசரில் டூல்பார் வந்து உட்கார்ந்ததையும் பார்த்தார்கள். 2013ல் இலவச மென்பொருள்களை இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளமே அவற்றின் இன்ஸ்டாலருக்குள் விளம்பரச் சலுகைகளைச் சேர்த்தது. 2015ல் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் விஷயத்தில் பெரிய எதிர்ப்பு வந்தது. 2016ல் தளம் கை மாறிய பிறகுதான் அது நின்றது. நம்பிக்கை போன பிறகு நல்லவன் கேட்கும் கேள்வியையும் யாரும் படிப்பதில்லை. ஆகவே பத்துக் கேள்வி கேட்டு ஒன்றைப் படிக்க வைக்க முடியாது. ஒன்றே ஒன்று கேட்டால் படிப்பார்கள்.

---

ஆத்தூர் நிரலர்

நான் பெங்களூரில் இன்ஸ்டாலர் எழுதும் வேலையிலேயே இருக்கிறேன். ஊர் ஆத்தூர். நுட்ப விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வரவேற்புப் பக்கமும் வாழ்த்துப் பக்கமும் வேண்டாம் என்பது புதுக் கருத்து இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் வடிவமைப்பு வழிகாட்டியே, முதல் பக்கத்திலேயே வேலை தொடங்கட்டும் என்கிறது. கடைசியில் உண்மையாக மாற்றம் நடக்கும் பொத்தானில் அடுத்து என்று எழுதாமல், நிறுவு என்று செயலின் பெயரை எழுதச் சொல்கிறது. இன்னோ செட்டப் 5.5.7 பதிப்பிலிருந்து வரவேற்புப் பக்கம் தானாகவே மறைந்திருக்கும். ஏற்கெனவே அதே மென்பொருள் இருந்தால் ஃபோல்டர் பக்கமும் ஸ்டார்ட் மெனு பக்கமும் வராது. உங்களுக்கு வரவேற்புப் பக்கம் வருகிறது என்றால், மிகப் பழைய இன்னோ பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அல்லது யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்டை (இன்ஸ்டாலருக்காக நீங்கள் எழுதிய கட்டளைக் கோப்பை) ஒரு முறை பாருங்கள். அதில் மென்பொருளின் அடையாளமான ஆப்ஐடியையும் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு அதை மாற்றியிருந்தால் பழையது தெரியாது. கண்ட்ரோல் பேனலில் ஒரே மென்பொருள் இரண்டு முறை நிற்கும்.

சர்வர் கிளையன்ட் கேள்வியை இப்படி மாற்றலாம்: "இந்தக் கடையில் இதுதான் முதல் கணினியா, ஏற்கெனவே இன்னொன்றில் இருக்கிறதா?" அதற்குப் பதில் அவருக்குத் தெரியும்.

ஆனால் ஃபோல்டர் பக்கத்தை எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர்க் கடைகளில் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று சி டிரைவாக இருக்கும், அது நிரம்பி வழியும். டி டிரைவில் 1 டிபி காலியாகக் கிடக்கும். வழியை அடைத்துவிட்டால் நாளைக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

---

பேரேடு (ஃபேர்லேண்ட்ஸ்)

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இன்ஸ்டால் செய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுப்பதைப் பற்றியும் பேசுங்கள்.

எங்கள் கட்சிக்காரர் ஒருவர் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். அவர் வைத்திருந்த ஒரு கணக்கு மென்பொருள் (உங்களுடையது இல்லை) சரியாக ஓடவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று போனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எடுக்கும்போது, பயனரின் எல்லாக் கோப்புகளையும் நீக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. ஆம் என்பது ஏற்கெனவே தேர்வாகி இருந்தது. எண்டர் தட்டினார். எட்டு மாதக் கணக்கு போனது. மரவள்ளிக் கிழங்கு வந்த லாரி ரசீதுகளை மூட்டையிலிருந்து எடுத்து நாங்கள் மூன்று பேர் இருபத்திரண்டு நாள் மறுபடி ஏற்றினோம். அந்த மனிதர் ஒரு நாளும் எங்களைக் குறை சொல்லவில்லை. தினமும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்ஸ்டாலர் எழுதுகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கணக்கு எந்த வழியிலும் தானாக அழியக்கூடாது. மென்பொருளை எடுத்தாலும் டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அழிக்கத்தான் வேண்டும் என்றால் அது மென்பொருளுக்குள் தனியாக, கடையின் பெயரை டைப் செய்து உறுதி சொல்லும்படி இருக்கட்டும்.

அப்புறம் ஒப்பந்தப் பக்கம். யாரும் படிப்பதில்லை என்பது சரி. அதற்காக அதற்குள் வேறு சம்மதங்களை ஒளித்து வைக்காதீர்கள். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் அது தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. தரவைப் பற்றிய அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ பெறும் வாய்ப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. வாடிக்கையாளரின் போன் எண் உங்கள் சர்வருக்கு வருகிறது என்றால், அதைத் தமிழில் இரண்டு வரியில் சொல்லி, காலிப் பெட்டியாக வையுங்கள். அவரே டிக் போடட்டும்.

---

கொலுசுக் கணக்கு

பேரேடு அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் அன்இன்ஸ்டாலரைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். டேட்டாபேஸ், மென்பொருள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. ஃபோல்டரோடு சேர்த்து அழிக்கும்படிதான் எழுதியிருக்கிறோம். இதுவரை யாருக்கும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம் மட்டும்தான். இன்றைக்கே மாற்றுகிறேன்.

---

ஆத்தூர் நிரலர்

டேட்டா, மென்பொருள்கள் ஏறும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறதா? அப்படியானால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து சாதாரணப் பயனர் அந்த ஃபோல்டரில் எழுத முடியாது. பழைய பாணி 32 பிட் மென்பொருள் எழுத முயன்றால் விண்டோஸ் தடுக்காது. அந்தப் பயனருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் வர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்தில் ஒரு நகலை வைத்துக்கொடுக்கும். மென்பொருளுக்கு எல்லாம் சரியாக நடப்பது போலத் தெரியும். அப்பா ஒரு லாகினிலும் மகன் இன்னொரு லாகினிலும் போனால் இரண்டு பேருக்கும் இரண்டு தனிக் கணக்கு ஓடும். "நேற்று போட்ட பில்லைக் காணோம்" என்று உங்களுக்குப் போன் வந்திருக்கிறதா?

---

கொலுசுக் கணக்கு

மூன்று முறை வந்திருக்கிறது. பில்லைச் சேமிக்காமல் மூடிவிட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்து அவர்களிடமே சொல்லியும்விட்டோம். அந்த மூன்று கடைக்கும் நாளை போகிறேன்.

---

ஆத்தூர் நிரலர்

போகும்போது அந்த வர்ச்சுவல் ஸ்டோரை மறக்காமல் பாருங்கள், காணாமல் போன பில்கள் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். இனிமேல் டேட்டாவை எல்லோருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். எல்லாப் பயனருக்கும் எழுதும் அனுமதியை இன்ஸ்டால் செய்யும்போதே கொடுத்துவிடுங்கள். ஐகான் விஷயமும் இதே குடும்பம்தான். சாதாரண லாகினில் இருப்பவர் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டினால், இன்ஸ்டாலர் அந்த அட்மின் ஆளாகவே ஓடும். டெஸ்க்டாப் ஐகான் அவருடைய டெஸ்க்டாப்பில் போய் உட்காரும், கேட்டவருக்குத் தெரியாது. பொது டெஸ்க்டாப்பில் வையுங்கள்.

---

எஸ்டேட் ரைட்டர் (நாகலூர், ஏற்காடு)

காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. பழம் பறித்த கிலோவுக்குக் கூலி போடுவது, மஸ்டர் (வருகைப் பதிவு) எழுதுவது எல்லாம் இப்போது கணினியில். மலையில் எங்கள் கஷ்டம் வேறு மாதிரி.

காற்றும் மழையும் சேர்ந்தால் சில்வர் ஓக் கிளை லைன் மேல் விழும், கரன்ட் போகும். போன டிசம்பரில் பறிப்பு நடக்கும் நேரம், அப்டேட் ஒன்று பாதியில் இருக்கும்போது கரன்ட் போய்விட்டது. வந்த பிறகு மென்பொருள் திறக்கவில்லை. மறுபடி செட்டப் ஓட்டினால், ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்கிறது. எடுக்கப் பார்த்தால், நிறுவப்படவில்லை என்கிறது. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். அறுபது பேருக்கு நோட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொன்று, 2 எம்பி மட்டும் டவுன்லோடு செய்யச் சொல்லிவிட்டு, ஓட்டிய பிறகு மீதி 600 எம்பியை இறக்கும் செட்டப்புகள். 580ல் சிக்னல் போனால் மறுபடி பூஜ்ஜியம். முழு ஃபைலையும் ஒரே தடவையாகக் கொடுத்தால் சேலம் இறங்கும்போது பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எத்தனை எம்பி என்று முதலிலேயே சொன்னாலும் போதும்.

ஏற்காடு சாலையில் கொண்டை ஊசி வளைவு இருபது. ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று போர்டு இருக்கும். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள், வாந்தி வருகிற குழந்தையிடம், "இன்னும் ஆறுதான், இன்னும் ஐந்துதான்" என்று சொல்லிக்கொண்டே வருவதைப் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். அந்த எண் இல்லையென்றால் அதே தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். செட்டப் ஓடும்போது அந்தப் பச்சைப் பட்டை 99ல் இருபது நிமிடம் நிற்கிறது. கரன்ட் எப்போது போகும் என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

---

ஆத்தூர் நிரலர்

ரைட்டர் அண்ணா சொல்வது முழுக்க உண்மை. 1985லேயே பிராட் மையர்ஸ் என்பவர் சதவீதம் காட்டும் பட்டையைப் பற்றி ஆராய்ந்து, ஆட்கள் அது இருப்பதையே விரும்புகிறார்கள் என்று எழுதினார். ஆனால் பட்டை உண்மை பேச வேண்டும். கோப்புகளை நகலெடுப்பதை மட்டும் 99 சதவீதமாகக் காட்டிவிட்டு, டேட்டாபேஸை மாற்றும் நீண்ட வேலையைக் கடைசி 1 சதவீதத்தில் திணிப்பதால்தான் அப்படி நிற்கிறது.

கரன்ட் விஷயத்துக்கு, விண்டோஸின் எம்எஸ்ஐ என்ற இன்ஸ்டாலர் முறையில் வேலை பரிவர்த்தனை போல நடக்கும். பழைய கோப்புகளை ஓரமாக வைத்துக்கொண்டே போகும், தோற்றால் திருப்பி வைக்கும். 1999ல் ஆஃபீஸ் 2000 உடன் வந்த ஏற்பாடு அது. இன்னோவில், பாதியில் ரத்து செய்தால் செய்ததைத் திரும்ப எடுக்கும், ஆனால் மேலெழுதிய பழைய கோப்பு திரும்பி வராது. அதற்கு எளிய வழி: புதிய பதிப்பை முதலில் தனி ஃபோல்டரில் முழுதாக இறக்குங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று சரிபார்த்த பிறகு கடைசியாகப் பெயரை மட்டும் மாற்றுங்கள். பெயர் மாற்ற ஒரு நொடி கூட ஆகாது. அந்த ஒரு நொடிக்கு முன்னால் எப்போது கரன்ட் போனாலும் பழைய மென்பொருள் அப்படியே திறக்கும். டேட்டாபேஸ் மாற்றத்தை இன்ஸ்டாலருக்குள் செய்யவே செய்யாதீர்கள். மென்பொருள் முதல் முறை திறக்கும்போது, பேக்அப் எடுத்துவிட்டு, அது செய்யட்டும்.

---

லேப் டீச்சர் (அயோத்தியாப்பட்டணம்)

அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. இருபது கணினிக்கு நான் ஒருத்திதான் மென்பொருள் ஏற்ற வேண்டும். பக்கங்களைக் குறையுங்கள், நல்லது. ஆனால் அமைதியாக ஓடும் வழியை எடுத்துவிடாதீர்கள். இன்னோவில் வெரிசைலன்ட் என்றும் என்எஸ்ஐஎஸ் என்ற இன்னொரு இன்ஸ்டாலர் கருவியில் வெறும் எஸ் என்றும் கட்டளையோடு கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறும். அதை, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்ன பேட்ச் ஃபைலாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பாடவேளையில் இருபதும் முடிந்துவிடும். நீங்களாகச் சேர்க்கும் தராசுப் பக்கம் அமைதியாக ஓடும்போதும் எழுந்து வந்து கேள்வி கேட்டால் என் மாதிரி ஆட்களுக்கு அது முட்டுக்கட்டை.

மொழியைப் பற்றி. பிள்ளைகள் முன்னால் தமிழில் உள்ள ஒரு இன்ஸ்டாலரைத் திறந்தேன். "உலாவு" என்று ஒரு பொத்தான். எதற்கு என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "இடத்தை மாற்று" என்று எழுதியிருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். "முடக்கு, மறுமுயற்சி, புறக்கணி" என்று மூன்று பொத்தான் இன்னொரு இடத்தில். எது ஆபத்து, எது நல்லது என்று யாருக்குத் தெரியும்? சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பது தமிழாக்கம் ஆகாது. இன்னோவின் புதிய பதிப்பு ஆங்கிலத்திலேயே, மறுபடி முயல், இந்தக் கோப்பை விட்டுவிடு (நல்லதல்ல), நிறுவலை நிறுத்து என்ற மாதிரி முழு வாக்கியமாகக் கேட்கிறது. அந்த வழியில் தமிழில் எழுதுங்கள்.

எழுத்தளவையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த எட்டுப் பாயின்ட்டில் தமிழ் போட்டால் கொம்பும் சுழியும் மேலே வெட்டுப்படும், பொத்தானுக்கு வெளியே எழுத்து ஓடும். நிர்மலா யூஐ எழுத்துருவை ஒன்பது பத்துப் பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள். மொழிக் கோப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது. விண்டோஸ் 7க்கும் கொடுப்பதாக இருந்தால் லதா எழுத்துருதான், நிர்மலா விண்டோஸ் 8ல்தான் வந்தது.

---

கேட்டுப் படிப்பவன் (அஸ்தம்பட்டி)

எனக்குப் பார்வை கிடையாது, திரைவாசிப்பான் வைத்துத்தான் இந்த இழையைக் கேட்கிறேன். ஒரு சேர்க்கை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் செட்டப்பை ஓட்டிய உடனே அது பேச ஆரம்பித்துவிடும். இன்ஸ்டால் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினியில் நிறுவவா, பென் டிரைவுக்கு நகல் எடுக்கவா, இப்போதைக்கு இப்படியே ஓட்டவா என்று கேட்கும். பக்கத்தில் ஆள் இல்லாமல் நான் வாழ்க்கையில் முதன்முதலாக நானே போட்ட மென்பொருள் அதுதான்.

அழகுக்காகப் படத்தையே பொத்தானாக வைக்கிறார்கள். எனக்கு அது "பொத்தான்" என்று மட்டும் கேட்கும். எது நிறுவு, எது வேண்டாம் என்று தெரியாது. சாதாரணப் பொத்தானை வையுங்கள், டேப் விசை ஒழுங்கான வரிசையில் போகட்டும். தமிழில் பொத்தான் வைத்தாலும் குறுக்கு விசைக்கு ஆங்கில எழுத்தையே வையுங்கள். ஆல்ட்டோடு "அ" அமுக்கச் சொன்னால் தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால்தான் முடியும். ஜப்பானிய மென்பொருள்களில் "அடுத்து" என்பதற்குப் பக்கத்தில் ஆங்கில என் எழுத்தைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். அது நமக்கும் பொருந்தும்.

---

லைன்மேடு சர்வீஸ்

இன்னும் யாரும் நீல எச்சரிக்கையைச் சொல்லவில்லை. உங்கள் தளத்திலிருந்து இறக்கினால், விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்று நீலத் திரை வரும். ஓட்டும் பொத்தானே தெரியாது. கூடுதல் தகவல் என்பதைத் தட்டினால்தான் வரும். சிவதாபுரத்துக்காரர் தனியாக இருந்திருந்தால் உங்கள் முதல் பக்கத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் ஆபீசில் அது வராததற்குக் காரணம், பென் டிரைவில் கொண்டு போகிறீர்கள். இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் அந்த வகை டிஸ்கில் தங்காது. ஆகவே நீங்கள் ஒரு நாளும் பார்க்காத திரையை வாடிக்கையாளர் முதல் திரையாகப் பார்க்கிறார்.

மென்பொருள் உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழ் வாங்குங்கள். செலவுதான். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை யூஎஸ்பி டோக்கன் மாதிரியான பாதுகாப்புக் கருவியில்தான் வைக்க வேண்டும் என்பதால் வேலையும் கொஞ்சம் அதிகம். வாங்கினாலும் உங்கள் பெயர் பழகும் வரை சில நாள் எச்சரிக்கை வரலாம். கையொப்பம் போடும்போது நேர முத்திரையும் சேர்த்துப் போடுங்கள், சான்றிதழ் காலாவதியானாலும் பழைய ஃபைல் செல்லும். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள் என்று மட்டும் எந்தக் காலத்திலும் எழுதாதீர்கள். நிறுத்தியதை யாரும் மறுபடி ஓட விடுவதில்லை. அந்தக் கணினிகள் என் கடைக்குத்தான் வருகின்றன.

ஃபோல்டர் விஷயத்தில் ஆத்தூர்த் தம்பி சொல்வதும் சரி. தனிப் பக்கம் வேண்டாம். நிறுவு பொத்தானுக்கு மேலே, "சி டிரைவில் ஏறும், 240 எம்பி தேவை" என்று ஒரு வரியும், பக்கத்தில் இடத்தை மாற்ற ஒரு பொத்தானும். இடம் போதாது என்றால் செட்டப்பே டி டிரைவை எடுத்துக்கொண்டு அதை அந்த வரியில் சொல்லட்டும்.

---

ஆத்தூர் நிரலர்

அது எனக்குச் சம்மதம்.

---

இளம்பிள்ளை தறி

நான் மென்பொருள் எழுதுகிறவன் இல்லை, பயன்படுத்துகிறவன். பிழை வந்தால் 1603 என்று ஒரு எண் மட்டும் வருகிறது. போனில் அந்த எண்ணைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியவில்லை. என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி போட்டால் போதும் சார்.

---

ஆத்தூர் நிரலர்

1603 என்றால் ஏதோ ஒன்று தோற்றது என்று மட்டும்தான் பொருள். காரணம், நடந்ததை எழுதி வைக்கும் லாக் கோப்பில்தான் இருக்கும். ஆகவே லாகை டெஸ்க்டாப்பில் வைத்து, "இந்த ஃபைலை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். மென்பொருள் திறந்திருப்பதால் தோற்கிறது என்றால், விண்டோஸில் விஸ்டாவிலிருந்து ரீஸ்டார்ட் மேனேஜர் என்ற வசதி இருக்கிறது. எது கோப்பைப் பிடித்திருக்கிறது என்று அது சொல்லும். "பில் திரை திறந்திருக்கிறது, சேமித்து மூடுங்கள்" என்று சொல்லலாம். கணினியையே அணைத்துப் போடச் சொல்லத் தேவையில்லை.

---

கொலுசுக் கணக்கு

பதினோரு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வேலை நிறைய இருந்தது.

அந்த மூன்று கடைக்கும் போனேன். இரண்டு கடையில் காணாமல் போன பில்கள் ஆத்தூர் அண்ணா சொன்ன இடத்திலேயே இருந்தன. எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தேன். தப்பு எங்களுடையது என்றும் சொன்னேன். மூன்றாவது கடையில் கிடைக்கவில்லை. அவர் கணினியை ஃபார்மட் செய்துவிட்டிருந்தார்.

இப்போது இன்ஸ்டாலரில் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் கடைப் பெயரும், இதுதான் முதல் கணினியா என்ற கேள்வியும், ஒப்பந்தத்துக்கு ஒரு இணைப்பும், அதன் கீழே இடம், எம்பி, நிறுவு பொத்தான். பில்லுக்கான வரி 3 சதவீதம் என்று நாங்களே வைத்துவிட்டோம், மாற்ற வேண்டுமானால் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது பக்கம் பட்டை. நாலு வேலையில் இது எத்தனையாவது என்று ரைட்டர் அண்ணா சொன்ன வளைவு போர்டு மாதிரி எழுதியிருக்கிறோம். மூன்றாவது தராசு.

தராசுப் பக்கத்தில்தான் அதிக நேரம் செலவானது. கம்பெனி பெயர் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் அதுவும் வேண்டாம் என்று தோன்றியது. இப்போது திரையில் "தராசில் ஏதாவது ஒரு பொருளை வையுங்கள்" என்று மட்டும் வரும். பின்னால் எல்லா காம் போர்ட்டையும், 1200லிருந்து 9600 வரை வேகத்தையும் மென்பொருளே மாற்றி மாற்றிக் கேட்கும். எடை போலத் தெரியும் எண் வந்த உடனே அதைக் காட்டி, தராசில் இதுதான் தெரிகிறதா என்று கேட்கும். தராசு இல்லை, பிறகு பார்க்கலாம் என்று ஒரு பொத்தானும் உண்டு. அமைதியாக ஓட்டினால் இந்தப் பக்கம் வராது, டீச்சர்.

நேற்று அதே சிவதாபுரம் பட்டறைக்குப் போனேன். மறுபடியும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையில் இருந்த கொலுசைத் தராசில் வைத்தார். திரையில் 84.30 என்று வந்தது. தராசைத் திரும்பிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "ஆமாம்" என்பதைத் தட்டினார். மொத்தம் நாலு நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நின்றார். முதல் கணினியா என்ற கேள்வியில், வீட்டில் மகன் வைத்திருக்கும் லேப்டாப்பையும் சேர்த்தா என்று கேட்டார். "இந்தக் கணக்கு மென்பொருள் கடையில் வேறு கணினியில் இருக்கிறதா?" என்று மாற்றியிருக்கிறேன்.

சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். சோதனை ஃபைலை இங்கே இணைத்திருக்கிறேன். முடிந்தவர்கள் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

எஸ்டேட் ரைட்டர்

எனக்குப் பட்டறை இல்லை, ஆனாலும் ஓட்டினேன். பழைய பதிப்பை முதலில் போட்டு, இரண்டு பில்லும் போட்டேன். புதியது மூன்றாவது வேலையில் இருக்கும்போது நானே பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டதும் பழைய பதிப்பு திறந்தது, பில் இரண்டும் இருந்தன. செட்டப்பைத் திரும்ப ஓட்டினேன், ஒன்றும் கேட்காமல் ஏறியது.

---

கேட்டுப் படிப்பவன்

முதல் பக்கம் முழுக்க ஒழுங்காகக் கேட்கிறது. தராசுப் பக்கத்தில் எண் மாறும்போது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த எண் திரையில் மட்டும் மாறுகிறது போலிருக்கிறது. "பிறகு பார்க்கலாம்" பொத்தானுக்கும் பெயர் வரவில்லை.

---

கொலுசுக் கணக்கு

அந்தப் பொத்தானைப் படமாக வைத்தது நான்தான். எழுத்தாக மாற்றிவிட்டேன். எண் மாறும்போது படிக்க வைப்பதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆத்தூர் அண்ணா, இரவு எட்டு மணிக்கு மேல் போனில் பேச முடியுமா?